சமாதானக் காவலர் ரால்ப் பஞ்ச்

போர்க்களத்தில் வென்ற சேனாதிபதிகளின் சரித்திரங்கள் எல்லா மொழிகளிலும் ஏராளமாக உள. இரு சேனைகளுக்கு நடுவே நின்று, அவற்றைப் பொரவொட்டாது தடுத்தவர்களின் சரித்திரமோ அரிதாகவே எழுதப்படுகின்றது. அதற்குக் காரணமும் உண்டு. வென்ற போரை உலகம் காணும். நிகழாமற்போன போரை யார் கண்டார்? பல தேசத்துப் படைவீரரை ஒன்றுகூட்டி அயல்நாட்டு எல்லையில் காவல் வைக்கும் முறை ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் முதல் இருபது ஆண்டுகளில் உருவாயிற்று. அம்முறை எவ்வளவு பயன் தந்தது, எங்கே தவறிப்போயிற்று என்று அறிஞர் இன்றளவும் வாதிட்டு வருகின்றனர். இதனை அறிய விரும்பும் மாணவ நேயர்கள், அம்முறையைத் தம் கைகளாலேயே அமைத்து, அதன் பலத்தையும் குறையையும் தம் வாழ்நாளிலேயே கண்டு மறைந்த ரால்ப் பஞ்ச் என்னும் அமெரிக்கரின் வாழ்க்கையை முதலிற் படித்தல் நலம்.

பஞ்ச் 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் டெட்ராய்ட் நகரில் கறுப்பர் குடும்பமொன்றிற் பிறந்தார். 1904 என்று குறிப்போரும் உளர். தந்தையார் நாவிதத் தொழில் செய்தவர். தாயார் இசையில் விருப்பமுடையவர். தாயாரின் தேகநலம் கருதிக் குடும்பத்தார் வறண்ட காற்றுள்ள நியூ மெக்ஸிகோ மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தனர். ஆயினும் 1917-இல் அவ்வம்மையார் காலஞ்சென்றார். தந்தையாரும் பிரிந்து போய்விட, பதின்மூன்று வயதுப் பையனும் அவன் தங்கையும் பாட்டியாரின் கைக்கு வந்தனர். லூசி ஜான்சன் என்னும் அப்பாட்டியார் உருவத்திற் சிறியவர், உறுதியிற் பெரியவர். பேரப்பிள்ளைகளை லாஸ் ஏஞ்செல்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று, நிறத்தின் பொருட்டு எவர்க்கும் தலைகுனிய வேண்டுவதில்லை என்றும், எவர்மீதும் பகை பாராட்ட வேண்டுவதில்லை என்றும் சொல்லி வளர்த்தார். பின்னாளில் பகைவர் இருவரை ஒரு மேசைக்குக் கொண்டுவந்த பொறுமையை பஞ்ச் எங்கே கற்றார் என்று கேட்டால், எக்கலாசாலையின் பெயரையும் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அந்த வீட்டைத்தான் காட்டுவேன்.

கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்செல்ஸ் கிளையில், கூடைப்பந்து ஆட்டத்திற் கிடைத்த உபகாரச் சம்பளத்தாலும், உடற்பயிற்சிச் சாலையைப் பெருக்கிச் சுத்தம் செய்து பெற்ற கூலியாலும் படித்து, 1927-இல் வகுப்பில் முதல்வராய்த் தேறினார். ஹார்வர்டு சர்வகலாசாலை இடமளித்தபோது வழிச்செலவிற்குப் பணமில்லை. அந்நகரத்துக் கறுப்பர் குலப் பெண்மணிகள் ஆயிரம் டாலர் திரட்டிக் கொடுத்தனுப்பினர். பின்னர் வாஷிங்டனில் ஹோவர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, அரசியல் நூற் பகுதியை அமைத்தார். பிரெஞ்சுக்காரர் ஆண்ட டோகோலாந்து, டஹோமி ஆகிய ஆப்பிரிக்க நாடுகளின் ஆட்சிமுறையை ஆராய்ந்து 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறர் நாட்டைப் பிறர் ஆளுவதால் விளையும் கேடுகளை நூலில் மட்டுமன்றி, அந்நாடுகளுக்கே சென்று கண்டவர் அவர். 1945-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ மகாநாட்டில், குடியேற்ற நாடுகளைப் பற்றிய ஐக்கிய நாடுகள் சாஸனத்தின் அத்தியாயங்களை வரைவதில் அவர் பங்கு பெரிது. மறுவருஷம் ஸ்தாபனத்தின் காரியாலயத்திற் சேர்ந்தார். இறக்கும் ஆண்டு வரையில் அங்கேயே உழைத்தார்.

1947-இல் பாலஸ்தீனப் பிரச்சினை ஐக்கிய நாடுகள் முன் வந்தது. அதை ஆராயச் சென்ற குழுவிற்கு பஞ்ச் துணைநின்றார். குழுவினர் இரு கட்சியாய்ப் பிரிந்தனர். பெரும்பான்மையோர் அறிக்கையையும் சிறுபான்மையோர் அறிக்கையையும் எழுதிக்கொடுக்கும் பாரம் இவர் தலைமேலேயே விழுந்தது. 1948-இல் யூதர்க்கும் அரபியர்க்கும் போர் மூண்டபோது, ஸ்வீடன் நாட்டுக் கோமகன் பெர்னடாட் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். பஞ்ச் அவர்க்கு வலக்கையாய் இருந்தார். அங்கேதான் முதன்முதல் ஐக்கிய நாடுகளின் கண்காணிப்போர் தோன்றினர். பல தேசத்து அதிகாரிகளான அவர்கள் சில நூற்றுவரே. அவர்களிடம் ஆயுதம் இல்லை. வண்டிகளுக்கும் விமானங்களுக்கும் வெள்ளைச் சாயம் பூசப்பட்டது. ஆயுதமில்லாதவனைச் சுடுவதற்கு இரு தரத்தாரும் நாணுவர் என்பது பஞ்சின் கணக்கு. அக்கணக்கு பல நாள் பலித்தது, ஒருநாள் பொய்த்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி எருசலேம் நகரில், யூதத் தீவிரவாதக் கூட்டமொன்றைச் சேர்ந்தவர்கள் பெர்னடாட்டையும் அவர் பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக் கர்னல் ஒருவரையும் சுட்டுக் கொன்றனர். அன்று பஞ்சும் அவருடன் சென்றிருக்க வேண்டியவர். வழியில் நேர்ந்த தாமதத்தாற் பிழைத்தார். தலைவரின் இரத்தம் உலருமுன் அவருடைய பதவியும் அபாயமும் இவரைச் சேர்ந்தன.

1949 ஜனவரியில் ரோட்ஸ் தீவில் ஒரு ஹோட்டலில் எகிப்தியரும் இஸ்ரேலியரும் வந்து தங்கினர். ஒரு கட்டிடம், வெவ்வேறு மாடிகள். ஒருவர் முகத்தை ஒருவர் நேரிற் பார்க்க முதலில் ஒருப்படவில்லை. பஞ்ச் மாடிக்கும் மாடிக்குமாய் நடந்தார். பெரிய சச்சரவுகளை ஒதுக்கி, முதலில் எவற்றைப் பேசுவது என்ற பட்டியலுக்கே இரு தரத்தாரையும் இணங்கச் செய்தார். சிறியதொன்றில் உடன்பட்டுப் பழகிய மனம் பெரியதற்கும் வரும் என்பது அவர் கருத்து. இரவெல்லாம் வரைவுகளைத் திருத்தினார். ஓய்வு கிடைத்தால் இரு தரத்தாருடனும் பில்லியர்ட்ஸ் ஆடினார். உடன்பாட்டின் ஞாபகார்த்தமாக அத்தீவின் குயவரிடம் வண்ணத் தட்டுகள் செய்வித்துத் தூதர்களுக்குக் காட்டி, கையெழுத்திட்டால் ஆளுக்கொன்று பரிசென்றும், இடாமற் போனால் அவற்றைத் தலையிலேயே உடைப்பதாகவும் வேடிக்கையாய்ச் சொன்னார் என்பர். ஆறு வாரங்களுக்குப் பின், பிப்ரவரி 24-ஆம் தேதி எகிப்துடன் உடன்படிக்கை முடிந்தது. லெபனான், ஜோர்டான், சிரியா ஆகியவற்றுடன் செய்தவை ஜூலைக்குள் நிறைவெய்தின.

இவ்வுடன்படிக்கைகள் சமாதான உடன்படிக்கைகள் அல்ல என்பதை நாம் மறத்தலாகாது. இவை படைநிறுத்தமே. வரைந்த கோடு அரசியல் எல்லையாகக் கொள்ளத்தக்கதன்று என்று எகிப்துடன் செய்த உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. நிலையான சமாதானத்திற்கு இது முதற்படி என்று பஞ்ச் நம்பினார். வீடிழந்த பல இலட்சம் பாலஸ்தீன அகதிகளின் வழக்கோ தீர்க்கப்படாமலே கிடந்தது. 1950-இல் பஞ்சுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. கறுப்பர் ஒருவர் நோபல் பரிசு பெற்றது அதுவே முதன்முறை. தாம் செய்தது சம்பளத்திற்குரிய கடமையே என்று அதனை மறுக்க எண்ணினார். பிரதம காரியதரிசி டிரிக்வே லீ வற்புறுத்தியதனாலேயே ஏற்றார். அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்க அரசாங்கத்தார் அளிக்க முன்வந்த உயர் பதவியை, வாஷிங்டன் நகரில் நிறபேதம் நிலவுவதைக் காரணமாகச் சொல்லி வேண்டாமென்றார். உலகம் போற்றிய இம்மனிதரின் மகனை 1959-இல் நியூயார்க்கில் ஒரு பிரபல டென்னிஸ் சங்கத்தார் நிறத்தின் பொருட்டுச் சேர்க்க மறுத்தனர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இனி அவருடைய வாழ்க்கையின் நடுப்பகுதிக்கு வருவோம். 1956 ஜூலையில் எகிப்தின் தலைவர் நாஸர் சூயஸ் கால்வாயைத் தேச உடைமையாக்கினார். அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், பின்னர் பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்தைத் தாக்கின. கனடாவின் அமைச்சர் லெஸ்டர் பியர்ஸன், பல தேசத்துப் படையொன்றை இடையே நிறுத்தலாமென்று யோசனை கூறினார். பிரதம காரியதரிசி டாக் ஹாமர்ஷீல்டு முதலில் ஐயுற்றார்; பின்பு முழு மனத்துடன் ஏற்றார். காகிதத்தில் இருந்த அப்படைக்கு உடலும் உயிரும் கொடுக்கும் பொறுப்பு பஞ்சிடம் ஒப்படைக்கப்பட்டது. நவம்பர் 5-ஆம் தேதி பொதுச் சபை படையை அமைக்கத் தீர்மானித்தது. 15-ஆம் தேதி முதல் வீரர் எகிப்து மண்ணில் இறங்கினர். பத்தே நாள்! அதற்குமுன் இத்தகைய படை இருந்ததில்லை. விதிகளும் இல்லை, உடையும் இல்லை. எகிப்திற்கு வந்திருந்த பகைவரின் உடையை ஒத்த உடையில் நடுநிலை வீரர் இறங்கினால் அவர்களையே சுடுவர். நீலத் தொப்பி தைக்க நாளில்லை. ஆகவே அமெரிக்கச் சேனையின் தலைச்சீராக்களின் உள்ளோடுகளை வாங்கி நீலச் சாயம் பூசி அணிவித்தனர். இன்று உலகெங்கும் அறியப்பட்ட நீலத் தலைச்சீரா அவசரத்திற் பிறந்த அடையாளமே. கனடாவிலிருந்து வரவிருந்த பட்டாளம் ஒன்றின் பெயரிலும் உடையிலும் பிரிட்டிஷ் வாடை வீசுகிறதென்று எகிப்து மறுத்துவிட்டதும் இத்தருணத்தில்தான்.

இருபதுக்கு மேற்பட்ட நாடுகள் வீரரைத் தர முன்வந்தன. அவற்றுள் பத்து நாடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்தியாவும் ஒன்று. வல்லரசுகளை விலக்கியது பஞ்ச் பின்பற்றிய விதிகளுள் ஒன்று. படை நிற்கும் நாட்டின் சம்மதம் வேண்டும் என்பது மற்றொன்று. தற்காப்பிற்கன்றி ஆயுதம் எடுக்கலாகாது என்பது மூன்றாவது. இவ்விதிகளின்படி ஏறத்தாழ 6,000 வீரர் நின்றனர். பிரிட்டிஷ், பிரெஞ்சுத் துருப்புகள் டிசம்பரிலும், இஸ்ரேலியத் துருப்புகள் 1957 மார்ச்சிலும் வெளியேறின. அதன்பின் காஸா எல்லையின் 59 கிலோமீட்டர் தூரத்தில் 72 காவல் நிலையங்கள் அமைந்தன. பகலில் ஒன்றிலிருந்து அடுத்ததைக் காணலாம். இரவில் வீரர் குழுக்களாய்ச் சுற்றிவந்தனர். முன்னாளில் இரவுதோறும் ஊடுருவலும் அதற்கு எதிர்த்தாக்குதலும் நிகழ்ந்த அவ்வெல்லையில், குடியானவர் கோட்டின் அருகு வரை பயிர் செய்யலாயினர். பத்தரை ஆண்டு அந்த அமைதி நீடித்தது. ஒரு குறை தொடக்கத்திலேயே இருந்தது: இஸ்ரேல் தன் பக்கத்தில் இப்படையை நிற்க விடவில்லை. கோட்டின் ஒரு கரையில் மட்டுமே காவல். ஆதலால் ஒரு நாட்டின் சம்மதமே அதன் உயிர்நாடி.

இதற்கிடையில் 1960-இல் கொங்கோ நாட்டு விபரீதம் நேர்ந்தது. அந்நாடு ஜூன் 30-ஆம் தேதி பெல்ஜியத்தினின்று விடுதலை பெற்றது. விழாவிற்கு ஹாமர்ஷீல்டின் பிரதிநிதியாய்ப் போயிருந்த பஞ்ச், ஒரு வாரத்திற்குள் கலகத்தின் நடுவில் நின்றார். சிப்பாய்கள் கிளர்ந்தனர், பெல்ஜியத் துருப்புகள் திரும்ப வந்தன, தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா தனிநாடென்று அறிவித்துக்கொண்டது. சில நாட்களுக்குள் ஐக்கிய நாடுகளின் படைவீரர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கினர். சேனாதிபதி வரும்வரை, சிவிலியனான பஞ்சே அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஆகஸ்டு 4-ஆம் தேதி கட்டாங்காவிற்குப் பறந்து சென்று, படையைப் பலவந்தமாய் உட்புகுத்தினால் இரத்தம் சிந்தும் என்று கண்டு, சிறிது பொறுக்குமாறு சொல்லியனுப்பினார். பிரதமர் லுமும்பா இதனைத் துரோகமாகக் கருதினார். அவர் பார்வையில் அஃது இயல்பே: அழைத்தது தம் அரசாங்கம், வந்த படையோ தம் நாட்டின் பிளவை நீக்க மறுக்கிறது. பஞ்ச் மாத முடிவில் நாடு திரும்ப, இந்தியரான ராஜேஷ்வர் தயாள் அவ்விடம் வந்தார். 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார். செப்டம்பரில் ஹாமர்ஷீல்டு விமான விபத்தில் மாண்டார். அவ்விழப்பு பஞ்சின் நெஞ்சை மிகவும் வருத்தியது.

எகிப்தில் வெற்றி தந்த விதிகள் கொங்கோவில் ஏன் தடுமாறின? எகிப்தில் இரு அரசாங்கங்கள் இருந்தன. இடையே ஒரு கோடு இருந்தது. கொங்கோவிலோ நிற்பதற்குக் கோடும் இல்லை, சம்மதம் கேட்பதற்கு ஒன்றுபட்ட அரசாங்கமும் சில மாதங்களில் இல்லாதொழிந்தது. இறுதியில் இருபதினாயிரம் வரை பெருகிய அப்படை, ஆயுதம் கொண்டே 1963 ஜனவரியில் கட்டாங்காவின் பிரிவினையை முடித்தது. இந்தியத் துருப்புகள் அதில் முன்னணியில் நின்றன. பரம வீர சக்ரம் பெற்ற காப்டன் ஸலாரியா 1961 டிசம்பரில் அங்கேதான் உயிர் நீத்தார். படையினர் ஏறத்தாழ 250 பேர் மாண்டனர். நாடு துண்டாகவில்லை, ஆனால் நல்லாட்சியும் பெறவில்லை. செலவோ ஸ்தாபனத்தையே கடனாளியாக்கியது. ஸோவியத் ருஷ்யாவும் பிரான்ஸும் தம் பங்கைத் தர மறுத்தன. 1962-இல் சர்வதேச நீதிமன்றம் அச்செலவு ஸ்தாபனத்தின் செலவே என்று அபிப்பிராயம் கூறியும் பயனில்லை. இதனைத் தோல்வி என்று ஒருசாரார் சொல்ல, வல்லரசுகளின் நேர்ப் போராட்டத்தை ஆப்பிரிக்காவின் நடுவில் தடுத்ததே பெருங்காரியம் என்று மற்றொரு சாரார் சொல்வர். இரண்டும் முழு உண்மையல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

யெமனில் 1963-இல் அனுப்பிய சிறு கண்காணிப்புக் குழுவினால் யாதொரு பயனும் விளையவில்லை. விலகுவதாக வாக்களித்தவர் விலகவில்லை. 1964-இல் ஸைப்ரஸ் தீவிற்குப் படை அமைப்பதிலும் பஞ்ச் முன்னின்றார். நம் நாட்டு ஜெனரல் திம்மய்யா அப்படையின் தலைவராயிருந்து 1965 டிசம்பரில் அத்தீவிலேயே உயிர் துறந்தார். அப்படை இன்றும் அங்கே நிற்கிறது. கொலையை அது தடுக்கிறது என்பர். அமைதி இருப்பதனாலேயே தலைவர்கள் தீர்வு காண அவசரப்படுவதில்லை என்றும் பலர் குறை கூறுவர். இக்குறையின் கூர்மையை பஞ்ச் 1967-இல் நன்கு உணர்ந்தார்.

அவ்வாண்டு மே 16-ஆம் தேதி இரவு, காஸாவில் இருந்த படைத்தலைவரான இந்தியர் ஜெனரல் ரிக்கியேயிடம், எல்லை நிலையங்களினின்று வீரரை விலக்குமாறு எகிப்தின் சேனாதிபதி ஓலை அனுப்பினார். அப்பொழுது பிரதம காரியதரிசி பர்மியரான ஊ தாண்ட்; அவர் அருகில் பஞ்ச். பாதிப் படையை விலக்குவதற்கில்லை, நின்றால் முழுதும் நிற்கும், போனால் முழுதும் போகும் என்று அவர்கள் எகிப்துக்கு உணர்த்தினர். நாஸர் பின்வாங்குவார் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர் பின்வாங்கவில்லை; 18-ஆம் தேதி முழுதும் விலகக் கோரினார். சம்மதம் போனபின் நிற்பதற்கு உரிமையில்லை. இந்தியாவும் யூகோஸ்லாவியாவும் தம் வீரரைத் திரும்பப் பெறச் சித்தமாயின. இஸ்ரேலைத் தன் பக்கத்திலாவது படையை ஏற்குமாறு ஊ தாண்ட் கேட்டார். இம்முறையும் மறுப்பே கிடைத்தது. ஜூன் 5-ஆம் தேதி போர் மூண்டது. மூட்டை கட்டிக் கப்பலுக்குக் காத்திருந்த வீரரிடையே குண்டுகள் விழுந்தன. பத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் காஸாவில் இறந்தனர்.

உலகமெங்கும் பழி ஊ தாண்ட் மீது விழுந்தது. பஞ்ச் அதைத் தம் பழியாகவும் கொண்டார். தாம் பெற்ற பிள்ளையைப்போல் வளர்த்த படை அது. முழுதும் அல்லது ஒன்றுமில்லை என்ற அந்த மறுமொழி பிழையென்று இன்றும் சிலர் எழுதுவர். நாஸருக்கு இடைவழி ஒன்று விட்டிருந்தால், கோபம் தணிந்திருக்கலாமன்றோ என்பது அவர் வாதம். அதில் நியாயமில்லை என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் 3,400 வீரர் இரு பெருஞ்சேனைகளை எதிர்த்து நின்றிருக்க முடியாது. பத்தரை ஆண்டு அவர்கள் காத்துக் கொடுத்த அமைதியில், அகதிகள் வழக்கையோ எல்லை வழக்கையோ தீர்க்க எத்தலைவரும் மேசைக்கு வரவில்லை. காவல்காரன் வேலை காவல். வழக்கைத் தீர்ப்பது வீட்டுக்காரர் வேலை. அவர்கள் செய்யாததற்குக் காவல்காரனைக் குற்றவாளியாக்குவது எளிது; உலகம் அவ்வாறே செய்தது.

பஞ்ச் மறைந்தபின் இம்முறை பலவகையாய் விரிந்தது. காக்கச் சமாதானமே இல்லாத இடங்களுக்குப் படைகள் அனுப்பப்பட்டன. 1994-இல் ருவாண்டாவில் கொலைகள் நடக்கும்போதே படை குறைக்கப்பட்டது; 1995-இல் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் பாதுகாப்பிடம் என்று அறிவித்த ஊரிலேயே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அவ்விரண்டையும் எண்ணி இம்முறையையே வெறுப்போர் பலர். ஆனால் உள்நாட்டுப் போர்களைக் கணக்கெடுத்து ஆராய்ந்த அறிஞர், காவற்படை நின்ற நாடுகளில் போர் மீண்டும் மூளுவது பெரிதும் குறைந்திருக்கக் கண்டனர். இத்தனைக்கும் அப்படைகள் பெரும்பாலும் கடினமான இடங்களுக்கே அனுப்பப்படுகின்றன.

கடைசி ஆண்டுகளில் நீரிழிவு நோய் பஞ்சின் கண்ணொளியை ஏறக்குறையப் பறித்துவிட்டது. 1965-இல் மார்ட்டின் லூதர் கிங் ஸெல்மா நகரினின்று கறுப்பர் உரிமைக்காக நடத்திய நடைப்பயணத்தில், உடல் நலியவும் முன்வரிசையில் நடந்தார். 1966-இல் மகளொருத்தியை இழந்தார். மகன் வியட்நாம் போருக்குச் சென்றான். ஓய்வுபெற விரும்பியபோதெல்லாம் ஊ தாண்ட் விடவில்லை. 1971-இல் வேலையை விட்டார். அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் காலமானார்.

இரண்டாண்டு கழிந்து 1973 அக்டோபரில் மீண்டும் போர் மூண்டபோது, பாதுகாப்புச் சபையார் அதே பெயருடன் இரண்டாம் படை ஒன்றை அமைத்தனர். அதன் முதல் வீரர்கள் ஸைப்ரஸிலிருந்து வந்து எகிப்தில் இறங்கினர். இம்முறை தலைவர்கள் மேசைக்கு வந்தனர். 1979 மார்ச்சில் எகிப்தும் இஸ்ரேலும் சமாதான உடன்படிக்கை செய்துகொள்ள, ஜூலையில் அப்படை கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு வீடு திரும்பிற்று.